சோலையம்மாள் அமர்த்தாத எஞ்சின்

கண்மாய்க் கரைச் சரிவில் லாரியைத் தள்ளிக் கிளப்புவது ஊரில் தினசரி வேலையாகிவிட்டது. நல்லகாமன் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். பின்னால் இளவட்டங்கள் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். பாதிச் சரிவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, தள்ளுகிறவர்கள் முகத்தில் கரும்புகையை அடித்துவிட்டுக் கிளம்பும். தள்ளுகிறவர்களில் ஒரே ஒரு பெண் உண்டு. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, மூச்சு வாங்குகிற ஆண்களைப் பார்த்து, "கம்மங்கஞ்சி குடிச்ச ஒடம்பா இது? தள்ளுங்கப்பா" என்று அதட்டுவாள். அவள்தான் சோலையம்மாள், நல்லகாமனின் மனைவி.

அது ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்த மறு வருஷம். நல்லகாமன் பட்டாளத்தில் டிரைவராக இருந்து, அஸ்ஸாம் மலைப் பாதைகளில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தான். கையோடு கொண்டுவந்த பணத்தைப் போட்டு, பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டிகளில் ஒரு சின்ன லாரியை எடுத்தான். டீசல் வண்டி. ஊரில் அதைக் குருடாயில் வண்டி என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வெங்காயமும் கத்தரிக்காயும் ஏற்றி மதுரை மார்க்கெட்டில் இறக்குவது பிழைப்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பேட்டரி சாகும் வரை.

பெட்ரோல் வண்டி என்றால் முன்னால் கம்பியை விட்டுச் சுற்றிக் கிளப்பிவிடலாம். இந்த எஞ்சின் மனிதக் கைக்கு மசியாது. பேட்டரி வேண்டும், அதுவும் நல்ல பெரிய பேட்டரி. ஆரப்பாளையத்தில் சார்ஜ் போடுகிறவனிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, உள்ளே தகடெல்லாம் உதிர்ந்துவிட்டது, இனி எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது என்று கையை விரித்துவிட்டான். ஊரில் தள்ள ஆள் இருந்தது. மார்க்கெட்டில் யார் தள்ளுவார்கள்? இரண்டு தடவை அங்கே எஞ்சின் நின்றுபோய், காய் வெயிலில் வாடி, பாதி விலைக்குப் போயிற்று. புது பேட்டரி வாங்கியே ஆக வேண்டும் என்று ஆனது.

இதில் சோலையம்மாளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வண்டி வழியில் எங்காவது நின்றுபோனால் நல்லகாமன் பொழுதோடு ஊர் திரும்ப முடியாது. திரும்பாவிட்டால் ஜெயில்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர்கள் சாதியில் பிறந்த ஆண்களைச் சர்க்கார் பிறவித் திருடர்கள் என்று எழுதி வைத்திருந்தது. ரேகைச் சட்டம் என்பார்கள். வயதுக்கு வந்ததும் பத்து விரல் ரேகையையும் எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, அங்கேயே முடங்கிக் கிடந்து, விடிந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

சின்னப் பிள்ளையில் சோலையம்மாள் தன் அப்பனுக்கு ராச்சோறு சுமந்துகொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு நடந்தவள். கல்யாணம் ஆன அன்று அந்தியில் மாப்பிள்ளை மாலையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். மாமியார் சோற்றைத் தூக்குவாளியில் போட்டு, "புதுப்பொண்ணு போக வேணாம், நான் கொண்டு போறேன்" என்றாள். சோலையம்மாள் அந்த வாளியை வாங்கிச் சுவரோரம் எறிந்தாள். கல்யாணச் சோறு சிதறியது. ஊர் அதை வெகுநாள் பேசியது. பட்டாளத்துக்குப் போனாலாவது இந்தப் பேர் அழியும் என்று நல்லகாமன் போனான். திரும்பி வந்த மறுநாளே போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, "பேரு அப்படியேதான் இருக்கு, ராத்திரிக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேட்டரி வாங்கப் போன அன்று சோலையம்மாளும் கூடப் போனாள். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு தடவை கிளப்பிவிட்டால் திரும்பி வரும் வரை எஞ்சினை அமர்த்த முடியாது. சும்மா ஓடவிட்டால் சில நேரம் சத்தம் இறங்கித் தானாக நின்றுபோகும். அவன் கடைக்குள் போயிருக்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

"இந்தா பாரு சோலை" என்று நல்லகாமன் காட்டிக் கொடுத்தான். "சத்தம் எறங்குச்சுன்னா இந்த மிதிய லேசா அமுக்கு. இந்தக் குமிழ இழுத்தா எஞ்சினு நின்னுரும். அது பக்கம் மட்டும் கைய வச்சிராத."

"அம்புட்டுத்தானா?" என்றாள் சோலையம்மாள். "இதுக்கா பட்டாளத்துல சம்பளம் குடுத்தாங்க?"

மேலவெளி வீதியில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தவர் கல்யாணராமன். சண்டைக் காலத் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. மதுரையில் அன்று அந்த அளவு பேட்டரி இருந்தது அவர் கடையில்தான். நல்லகாமன் லாரியைக் கடை வாசலிலேயே ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓட ஓட இறங்கினான். சோலையம்மாள் நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதியின் மேல் காலை வைத்தாள். அங்கிருந்து கடை முழுவதும் அவளுக்குத் தெரிந்தது.

அவர்களுக்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனி டிரைவர் நின்றிருந்தார். பழைய பேட்டரியைத் தரையில் போட்டார், புதியதை வாங்கினார், பேசிச் சிரித்துவிட்டு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு நல்லகாமன் போய் நின்றான்.

"இருக்கு, தரேன்" என்றார் கல்யாணராமன், பில் புத்தகத்தைத் திறந்துகொண்டே. "பேர், ஊர் சொல்லு."

சொன்னான். பேர் வரை எழுதிய பேனா ஊரைக் கேட்டதும் நின்றது. கல்யாணராமன் எழுந்து வெளியே வந்தார். லாரியின் படிக்குக் கீழே பெட்டியில் இருந்த பழைய பேட்டரியைக் குனிந்து பார்த்தார். அதன் பக்கவாட்டில் பட்டாளத்துச் சாமானுக்குப் போடுகிற அம்புக்குறி இருந்தது.

"இது மிலிட்டரி சாமானாச்சே. உன் கைக்கு எப்படி வந்தது?"

"ஏலத்துல எடுத்த வண்டிங்க. வண்டியோட வந்துச்சு."

"அதெல்லாம் இருக்கட்டும். உங்க ஊர் ஸ்டேஷன்ல ஒரு சீட்டு வாங்கிண்டு வந்துடு. தரேன். இல்லேன்னா நாளைக்கு எனக்குத்தான் தலைவலி."

நல்லகாமன் கடைக்குள் கையைக் காட்டினான். "சாமி, இப்ப ஒரு பஸ் டிரைவரு வந்தாருல்ல? அவரு போட்டுட்டுப் போன பழசு அந்தாக் கெடக்கு. அதுலயும் இதே அம்புக்குறிதான இருக்கு? அவருகிட்டச் சீட்டுக் கேட்டீகளா?"

"அவர் யாருன்னு எனக்குத் தெரியும்."

"நான் யாருன்னு ஊர்ப் பேரைக் கேட்ட ஒடனே தெரிஞ்சுக்கிட்டீகளே!"

கல்யாணராமனின் முகம் சிவந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் திருட்டு மிலிட்டரி சாமான் வைத்திருந்ததாகப் பக்கத்துத் தெருக் கடையில் போன மாதம்தான் சோதனை போட்டிருந்தார்கள். அந்தப் பயம் அவருக்கு இருந்தது. பயந்த மனிதர் அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் செய்வார். அவர் கடை ஆளை அனுப்பித் தெருமுனையில் நின்ற கான்ஸ்டபிளைக் கூட்டிவரச் சொன்னார்.

கான்ஸ்டபிள் வந்ததும் முதலில் லாரியைத்தான் பார்த்தார். "வண்டிய அமத்து. என்ன இம்புட்டுச் சத்தம்?"

"அமத்துனா கெளம்பாதுங்க. அதுக்குத்தான் பேட்டரி வாங்க வந்தேன்."

"ஏலத்துல எடுத்ததுக்கு ரசீது இருக்கா?"

"இருக்கு." நல்லகாமன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.

"எடு."

"முன்னால வந்த பஸ்காரருகிட்ட வாங்கிப் பாருங்க. அவரு எடுத்தா நானும் எடுக்குறேன்."

அறை விழுந்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிச் சோலையம்மாளுக்குக் கேட்டது. அவள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். உதட்டோரம் ரத்தம் கசிய நல்லகாமன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"சோலை, எறங்காத. அமத்தாத."

அவ்வளவுதான் சொன்னான். கான்ஸ்டபிள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனை ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார். சோலையம்மாள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள். சத்தம் இறங்குவது போலிருந்தது. மிதியை அமுக்கினாள். லாரி உறுமி, பின்னாலிருந்து ஒரு பொதி புகையைக் கடைக்குள் விட்டது.

முதலில் யாரும் அவளைப் பொருட்படுத்தவில்லை. வெயில் ஏறியது. கல்யாணராமனின் கடைக்குள் புகை தங்கி, உத்தரத்தில் மேகம் போலச் சுழன்றது. சாமான் வாங்க வந்த இரண்டு பேர் இருமிக்கொண்டே திரும்பிப் போனார்கள். அவர் வெளியே வந்தார்.

"இதோ பாரும்மா, வண்டியை நிறுத்து. உன் புருஷன் வந்தப்புறம் நாலு பேரை விட்டுத் தள்ளித் தரச் சொல்றேன்."

"என் புருசன் வந்து அமத்துவாரு."

"அவன் எப்போ வருவானோ!"

"நீங்கதான கூப்பிட்டு அனுப்பிச்சு வச்சீக. எப்ப விடுவாகன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

கான்ஸ்டபிள் திரும்பி வந்தார். நல்லகாமனை உட்கார வைத்துவிட்டு, தெருவை அடைத்து நிற்கிற வண்டியை அப்புறப்படுத்த வந்திருந்தார். ஜன்னல் வழியே கையை நீட்டிச் சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது. மறுபக்கம் திருகினார். அப்போதும் ஓடியது. சாவியையே உருவிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் கூடிவிட்ட கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இத எப்படி அமத்துறது?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

கல்யாணராமன் மோட்டார் சாமான் விற்கிறவர், அவருக்குத் தெரியாதா? "டீசல் எஞ்சின் சாவிக்கு நிக்காது. கீழே ஒரு குமிழ் இருக்கு பாருங்கோ, அதை இழுக்கணும்" என்றார்.

சோலையம்மாள் அந்தக் குமிழைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். உடம்பை அதன் மேல் சாய்த்துக்கொண்டு கான்ஸ்டபிளை நேராகப் பார்த்தாள்.

"இழுங்க. என் மேல கை படாம இழுக்க முடிஞ்சா இழுங்க. பட்டுச்சுன்னா, இந்தா இம்புட்டுச் சனம் பாத்துக்கிட்டு இருக்கு. பொம்பளையத் தொட்டு இழுத்தியான்னு நாளைக்கு ஒங்க வீட்டு அம்மாவே கேப்பாக."

கான்ஸ்டபிளின் கை ஜன்னலோடு நின்றது. கூட்டத்தைப் பார்த்தார். கையை எடுத்தார். "சாயங்காலம் எண்ணெய் தீந்து தானா நிக்கும், இருடி" என்று சொல்லிவிட்டுச் சாவியை அவள் மடியில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வார்த்தைதான் சோலையம்மாளைக் குத்தியது. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. முந்தின நாள் நல்லகாமன் கொஞ்சம்தான் கிடைத்தது என்று சொன்ன ஞாபகம் இருந்தது. கால் மரத்துப்போயிருந்தது. காலையில் குடித்த கஞ்சி எப்போதோ கரைந்துவிட்டது. எஞ்சின் சூடு காலடித் தகரத்தில் ஏறி, பாதம் சுட்டது. இறங்கவும் முடியாது, எழவும் முடியாது. பயமும் இருந்தது. உள்ளே என்ன அடி அடிக்கிறார்களோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் மிதியை ஓங்கி அமுக்கினாள். ஸ்டேஷன் அடுத்த தெருவில்தான் இருந்தது. இந்தச் சத்தம் அங்கே அவனுக்குக் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் அமுக்கினாள்.

கடைக்கு அடுத்த கடை பீர் முகமதுவின் ஜவுளிக் கடை. கைலியும் வேட்டியும் வாசல் வரை அடுக்கி வைத்திருப்பார். மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்தவர் தன் வெள்ளை வேட்டிக் கட்டுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். மேலே இருந்த கட்டில் விரலை வைத்து இழுத்தால் கறுப்புக் கோடு விழுந்தது.

"யா அல்லா! ஏம்மா, இது லாரியா, செங்கச் சூளையா? என் யாவாரமே போச்சு. அமத்தித் தொலையேன்!"

"எங்கிட்டக் கத்தாதீக பாய். இந்தக் கடைக்காரரு ஒரு பேட்டரிய வித்திருந்தா நான் இந்நேரம் காளவாசலத் தாண்டியிருப்பேன்."

"விக்க மாட்டேன்னா சொல்லிட்டாரு? காசு இல்லையா ஒன்கிட்ட?"

"காசு இருக்கு. ஊருதான் சரியில்லையாம்."

நடந்ததை அவள் சொன்னாள். பீர் முகமது பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கல்யாணராமன் கடைப் படியில் ஏறிவிட்டார்.

"ஏன் சாமி, அவன் திருடுனத நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கே பார்த்தேன்?"

"பாக்காமத்தான் போலீசக் கூப்பிட்டீங்களா? ஒங்க பேட்டரி உள்ள பத்திரமா இருக்கு. என் வேட்டி பூரா துக்கத்துக்குக் கட்டுற மாதிரி ஆயிருச்சு. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவன் பேசின பேச்சு அப்படி, பாய். யாருக்கும் பயமில்லாம—"

"கடைக்குச் சாமான் வாங்க வர்றவன் எதுக்குப் பயப்படணும்?"

கல்யாணராமன் விசிறியால் புகையை விரட்டிக்கொண்டிருந்தார்.

பீர் முகமது தன் கடையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். சோலையம்மாள் குமிழைப் பிடித்த கையை எடுக்காமலே மறு கையால் வாங்கி அண்ணாந்து குடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாய், டாங்குல எண்ணெய் எம்புட்டு இருக்குன்னு பாத்துச் சொல்றீகளா? பின்னாடிப் பக்கம் மூடி இருக்கு" என்றாள்.

பாய் கடைக்குள் போய்த் துணி அளக்கிற கஜக்கோலை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து கோலை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் ஒரு விரற்கடை நனைந்திருந்தது. அவர் அதைக் கைலியில் துடைத்துக்கொண்டே வந்து, சோலையம்மாளிடம் தலையை மட்டும் லேசாக ஆட்டினார். இல்லை என்பது போல. அவள் முகம் வாடியதைப் பார்த்தார். அடுத்த நொடி திரும்பி நின்று, தெரு முழுவதும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"சாமி! முக்கால் டாங்கு கெடக்கு! நாளைக்குப் பொழுது விடியுற வரைக்கும் ஓடும்! நான் கடையச் சாத்திட்டுப் போறேன், நீங்க இருந்து அனுபவிங்க!"

கல்யாணராமன் விசிறியைக் கீழே வைத்தார். அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டார். "சரி, நானே போய்ச் சொல்றேன். நீங்களும் கூட வாங்கோ பாய்" என்றார்.

இருவரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கழிந்த நேரத்தைத்தான் சோலையம்மாள் கடைசி வரை மறக்கவில்லை. எஞ்சின் சத்தம் முன்னைவிட அடிக்கடி இறங்கியது. அவள் பாதத்தால் அதைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். "நில்லாத, நில்லாத" என்று வாய்விட்டே சொன்னாள். கூட்டத்திலிருந்த ஒரு பூக்காரி, "ஏத்தா, கஞ்சி தண்ணி குடிச்சியா?" என்று கேட்டது கூட அவள் காதில் சரியாக விழவில்லை.

ஸ்டேஷனில் நடந்தது பின்னால் பீர் முகமது சொல்லித்தான் தெரிந்தது. ஏல ரசீதை நல்லகாமன் பையிலிருந்து அவர்களே உருவிப் பார்த்துவிட்டிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எதிர்த்துப் பேசினான் என்று உட்கார வைத்திருந்தார்கள். கடைக்காரரே வந்து, புகார் ஒன்றும் இல்லை, பேட்டரியை நான் விற்கிறேன் என்று சொன்ன பிறகு அவனை வைத்திருக்க வழியில்லாமல் போயிற்று.

தெருமுனையில் மூன்று தலைகள் தெரிந்தன. நடுவில் நல்லகாமன். உதடு வீங்கியிருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது, நடை மட்டும் நேராக இருந்தது. சோலையம்மாள் அழவில்லை. "எண்ணெய் தீந்துருச்சு மச்சான். சீக்கிரம்" என்றாள்.

கல்யாணராமன் பேட்டரியை எடுத்து வைக்கச் சொன்னார். பில்லை எழுதி முடித்து, பழக்கத்தில், மைப் பெட்டியைத் திறந்து நல்லகாமன் பக்கம் நகர்த்தினார். "இங்கே ஒரு ரேகை வச்சுடு."

நல்லகாமன் மைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவருக்குக் கையெழுத்து வரும்" என்று லாரியிலிருந்து சத்தம் வந்தது. "பேனாவக் குடுங்க!"

கல்யாணராமன் பெட்டியை மூடினார். தன் பேனாவை எடுத்து நீட்டினார். நல்லகாமன் குனிந்து, அவசரமில்லாமல், தகப்பன் பேரையும் சேர்த்து முழுப் பெயரையும் எழுதினான். ஊர்ப் பெயரையும் எழுதி அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தான்.

பேட்டரியை மாட்டித் திருகி முடித்ததும் அவன் ஜன்னலருகில் வந்து, "இப்ப அமத்து" என்றான். காலையிலிருந்து பொத்தி வைத்திருந்த குமிழைச் சோலையம்மாள் இழுத்தாள். தெருவில் திடீரென்று அமைதி விழுந்தது. பூக்காரி யாரிடமோ பேரம் பேசுவது கேட்டது. நல்லகாமன் ஸ்டார்ட்டரை அழுத்தினான். ஒரே அழுத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பீர் முகமது சிரிக்கவில்லை. "அடுத்த தடவ வந்தா இந்த ஓரமா நிறுத்தாதீங்க, அந்த ஓரமா நிறுத்துங்க" என்று கறுத்த வேட்டிகளை உதறிக்கொண்டே சொன்னார்.

வழியில் எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டு நாகமலையைத் தாண்டும்போது பொழுது இறங்கிவிட்டது. ஊருக்கு முன்னால் இருக்கும் போலீஸ் ஸ்டேஷன் தூரத்தில் தெரிந்தது. வாசலில் ஊர் ஆண்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நல்லகாமன் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாதீக" என்றாள் சோலையம்மாள்.

"போகலன்னா ஜெயிலு, சோலை."

"தெரியும். ஒங்க கையால மட்டும் கதவத் தொறந்துக்கிட்டு உள்ள போவாதீக. அவுகளா வந்து இழுத்துட்டுப் போகட்டும்."

அவன் மிதியை அமுக்கினான். லாரி ஸ்டேஷன் வாசலைக் கடந்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து, பட்டாளத்திலிருந்து வந்த அந்த ஒரு நாளைத் தவிர, அவன் தன் வீட்டில் படுத்தது அன்றுதான்.

விடிந்ததும் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் தண்டனை என்றார் மாஜிஸ்ட்ரேட். போகும்போது நல்லகாமன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "பேட்டரி சும்மா கெடந்தா செத்துரும். தெனம் ஒரு தடவ கெளப்பி விடு."

தினம் காலையில் சோலையம்மாள் ஏறி உட்கார்ந்து லாரியைக் கிளப்பினாள். முதல் வாரம் நின்ற இடத்திலேயே. அப்புறம் நின்ற இடத்திலேயே ஓட்டுவது அலுத்துவிட்டது. கொழுந்தன் வீரணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கியர் எது என்று அவன் சொல்லச் சொல்லக் களத்துமேடு வரை போனாள். நல்லகாமன் வெளியே வந்தபோது மாட்டுக் கொட்டகைச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது.

"என்ன புள்ள இது?"

"முன்னால போகத் தெரிஞ்சுச்சு. பின்னால எடுக்கத் தெரியல."

அடிபட்ட உதடு ஆறியிருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்று மாலையே பின்னால் எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தான். ஏனென்றால் அவன் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போவதாக இல்லை, அவர்கள் மறுபடியும் பிடிக்காமல் இருக்கப் போவதும் இல்லை.

அப்படியேதான் நடந்தது. இந்தத் தடவை அவனோடு ஊரிலிருந்து இன்னும் சிலரும் ஸ்டேஷனுக்குப் போகாமல் நின்று, அவனோடே ஜெயிலுக்கும் போனார்கள். வெங்காயம் அறுவடை ஆகி வீடு வீடாகக் குவிந்து கிடந்தது. அழுகினால் ஊரே பட்டினி. சோலையம்மாள் மூட்டைகளை ஏற்றச் சொன்னாள். வீரணனைப் பின்னால் மூட்டை மேல் உட்கார வைத்தாள். தானே மதுரைக்கு ஓட்டினாள். வழியில் எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாய் பிளந்து நின்றார்கள்.

காளவாசலில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பொம்பளையா ஓட்டுற? லைசென்ஸ் இருக்கா?"

"லைசென்ஸ் வச்சிருக்கிறவர நீங்கதான் உள்ள வச்சிருக்கீக. அவர விடுங்க, அவரு ஓட்டுவாரு. அது வரைக்கும் வெங்காயம் காத்துக்கிட்டு இருக்காது."

போலீஸ்காரர் வேறு ஸ்டேஷன் ஆள். விவரம் கேட்டார். சோலையம்மாள் எஞ்சினை அமர்த்தாமலே சொன்னாள். பின்னால் மாட்டு வண்டிகள் சேர்ந்து வழி கேட்டுச் சத்தம் போடத் தொடங்கின. அவர் ஒரு தாளில் அவள் பேரை எழுதிக்கொண்டு, அபராதம் வரும் என்று எச்சரித்து, கையை அசைத்தார்.

அபராதம் வந்தது. கட்டினாள். அடுத்த வாரமும் ஓட்டினாள். மறு வருஷம் ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று தண்டோரா போட்டபோது சோலையம்மாள் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். நல்லகாமன் ஓடி வந்து சொன்னான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பன் இருந்திருந்தா இதக் கேட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பாரு" என்றாள். பிறகு, "இந்தப் பக்கத்தப் பிடிங்க மச்சான், இன்னும் பாதி லோடு இருக்கு" என்று குனிந்தாள்.